அகப்பையை மட்டும் திட்டாதீர்கள்: அயோவா ஆஃபென்ஸ் ஏன் படுத்தது?

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி புள்ளி எடுக்க முடியாமல் திணறினால், எல்லோரும் பிளே-காலிங் (ஒவ்வொரு முறையும் எதை ஆடுவது என்று கோச் அழைப்பது) சரியில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே தப்பு அங்கேதான் இருக்கிறதா என்று டிவியில் பார்க்கிற ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அயோவாவில் பிரையன் ஃபெரன்ட்ஸை அனுப்பியது நியாயமா?"

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பியது நியாயம்தான். ஆனால் ரசிகர்கள் கத்திய காரணத்துக்காக இல்லை. அவர் ஓட வேண்டிய இடத்தில் எறியச் சொன்னார், எறிய வேண்டிய இடத்தில் ஓடச் சொன்னார் என்பது அந்தக் கதையில் கடைசி அத்தியாயம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்களே, பிளே-காலிங் அந்த அகப்பை. சட்டியில் என்ன இருந்தது, அதில் என்ன போட்டுச் சமைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அயோவா பல்கலைக்கழகம் இருப்பது அயோவா சிட்டியில். அந்த மாநிலத்தில் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) அணி கிடையாது, அதனால் சனிக்கிழமைகளில் கின்னிக் ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட 69,000 பேர் உட்கார்ந்திருப்பார்கள். தலைமைக் கோச் கர்க் ஃபெரன்ட்ஸ், 1999 முதல் அதே நாற்காலியில். அவருடைய மகன் பிரையன் 2017 முதல் 2023 வரை ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர்; அதாவது பந்தை வைத்துப் புள்ளி எடுக்கும் ஆஃபென்ஸை நடத்துகிறவர், ஒவ்வொரு பிளேக்கும் முன்னால் 'இப்போது இதை ஆடு' என்று முடிவு செய்கிறவர். அப்பா தலைமை, பையன் அவருக்குக் கீழே. உறவினர் நியமன விதிகளைச் சமாளிக்க, பையன் அப்பாவுக்கு இல்லாமல் விளையாட்டுத் துறை இயக்குநருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. காகிதத்தில் அப்படி. சாப்பாட்டு மேஜையில் எப்படி என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

2022 செப்டம்பர் 3-ஆம் தேதி, சீசனின் முதல் ஆட்டம். எதிரணி சவுத் டக்கோட்டா ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த அணி. (அந்த வருடம் அவர்கள் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார்கள், சாதாரண ஆட்கள் இல்லை.) அயோவா 7-3 என்று ஜெயித்தது. ஏழு புள்ளி என்றதும் ஒரு டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடப்பது, 6 புள்ளி) கூடுதல் கிக்கும் (1) என்றுதானே நினைப்போம்? இல்லை. கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு 3. அப்புறம் எதிரணியை அவர்களுடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) இரண்டு முறை மடக்கியதற்கு, சேஃப்டி ஒன்றுக்கு இரண்டாக, 4. அந்த நாலும் எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸ் சம்பாதித்தது. ஆஃபென்ஸ் ஆட்டம் முழுக்கச் சேர்த்தது 166 யார்டு.

சீசன் முடிவில் அயோவா ஆட்டத்துக்குச் சராசரியாக 17.7 புள்ளி, 251.6 யார்டு. உயர்மட்டப் பிரிவில் இருந்த 131 அணிகளில் யார்டு கணக்கில் 130-ஆவது. ஆனாலும் 8 வெற்றி, 5 தோல்வி. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் 50,000 டாலர் வெட்டு. 8,50,000 டாலர் ஆனது. வேலை நீடிக்க வேண்டுமானால் அணி குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளியும் எடுக்க வேண்டும். 13 ஆட்டம் என்று வைத்தால் 325 புள்ளி. அந்த 325-க்காக நாடு முழுக்க வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை. டிஃபென்ஸும், உதைகளுக்கென்றே இறங்கும் ஸ்பெஷல் டீமும் எடுக்கும் புள்ளிகளும் அந்தக் கணக்கில் சேரும். அதாவது, ஆஃபென்ஸ் நடத்துகிறவரின் வேலையை மதிப்பிட, அவர் தொடாத புள்ளிகளையும் எண்ணுகிறார்கள். அந்த 7-3 ஆட்டத்தின் இரண்டு சேஃப்டியும் இந்தக் கணக்கில் அவர் பெயருக்கே போயிருக்கும். 2022-இன் கடைசி ஆட்டமான மியூசிக் சிட்டி பௌலில் (வழக்கமான சீசன் முடிந்தபின் அழைப்பின்பேரில் ஆடும் ஆட்டம்) கென்டக்கியை 21-0 என்று வென்றார்களே, அந்த 21-இல் 14 வந்தது டிஃபென்ஸ் எதிரணியின் பாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய இரண்டு டச்டவுன்களில். 2023-இல் மிச்சிகன் ஸ்டேட்டுடன் 26 எடுத்த ஆட்டத்தில் திருப்புமுனை, டிஃபென்ஸ் வீரர் கூப்பர் டிஜீன், எதிரணி தூரத்துக்கு உதைத்துத் தள்ளிய பந்தை, அதாவது பண்டை, பிடித்து 70 யார்டு ஓடியது. எனவே முதல் பாடம்: ஸ்கோர்போர்டில் இருக்கும் எண் ஆஃபென்ஸின் மார்க் இல்லை.

2023-ஐப் பாருங்கள். அயோவா 14 ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளி 216. கொடுத்தது 207. வித்தியாசம் ஒன்பதே ஒன்பது. ரெக்கார்டு? 10 வெற்றி, 4 தோல்வி. அயோவா ஆடும் பிக் டென் மாநாட்டின் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) மேற்குப் பிரிவு பட்டமும் அவர்களுக்கே. கொடுத்த 207-இல் 92 மூன்றே ஆட்டங்களில் போனது: பென் ஸ்டேட்டிடம் 31-0, மாநாட்டு இறுதியில் மிச்சிகனிடம் 26-0, சிட்ரஸ் பௌலில் டென்னசியிடம் 35-0. மீதி 11 ஆட்டங்களில் 10 வெற்றி. தோற்ற அந்த ஒன்றும் மின்னசோட்டாவிடம் 12-10 என்று இரண்டு புள்ளியில், அதுவும் டிஜீன் பண்ட் பிடித்து ஓடி எடுத்த டச்டவுனை, முறையில்லாத ஃபேர் கேட்ச் சைகை ('பிடித்துவிட்டு ஓடமாட்டேன்' என்று கையால் காட்டுவது) என்று நடுவர்கள் ரத்து செய்ததால். அதைப் பற்றி இன்றும் அயோவாக்காரர்களிடம் பேச்செடுக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

இதே அணி யார்டு கணக்கில் கடைசி. 133 அணிகளில் 133-ஆவது, ஆட்டத்துக்கு 234.6 யார்டு.

கடைசி அணி எப்படிப் பத்து ஆட்டம் ஜெயித்தது? டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ் ஒன்று. இன்னொன்று டோரி டெய்லர் என்ற பண்டர். மெல்போர்னிலிருந்து வந்த ஆஸ்திரேலியர். 2023-இல் 93 பண்ட், 4,479 யார்டு. ஒரு சீசனில் அத்தனை யார்டு கல்லூரி ஃபுட்பாலில் அதுவரை யாரும் உதைத்ததில்லை. பண்டர் என்றால் ஆஃபென்ஸ் தோற்றுப்போனபின் பந்தைத் தூரத்துக்கு உதைத்துத் தள்ளுகிறவர். பெரும்பாலான அணிகளில் அவர் முகமே யாருக்கும் தெரியாது. இங்கே 'பண்ட் அடிப்பதே வெற்றி' என்ற பொருளில் வாசகம் போட்ட டி-ஷர்ட் விற்றது.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. எதிரணி தன் கோல் கோட்டிலிருந்து 8 யார்டில் தொடங்கினால், 92 யார்டு கடக்க வேண்டும். பார்க்கரின் டிஃபென்ஸுக்கு எதிராக அது மிகக் கடினம். அப்படியானால் நம் ஆஃபென்ஸ் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தைத் தொலைக்காமல் இருப்பது. மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு போகக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவதில், எட்டு யார்டு தேவைப்படும்போது, நெருக்கடியில் எறிந்து எதிரணி கையில் இன்டர்செப்ஷன் கொடுப்பதைவிட, மூன்று யார்டு ஓடிவிட்டு டெய்லரைக் கூப்பிடுவது நல்லது. கர்க் ஃபெரன்ட்ஸ் நம்பிய விளையாட்டு இது. டிவியில் பார்க்கும்போது கோழைத்தனமாகத் தெரியும் பல அழைப்புகள் உண்மையில் பையனின் மூளையிலிருந்து வந்தவை அல்ல, அப்பாவின் கொள்கையிலிருந்து வந்தவை. பிளே-காலரைத் திட்டுவதற்கு முன்னால், 'ரிஸ்க் எடுக்காதே' என்று அவரிடம் யார் சொன்னது என்று கேட்க வேண்டும்.

சரி, டிவியில் எதைப் பார்ப்பது?

மொத்த யார்டை விடுங்கள். முதல் டவுனைப் பாருங்கள். நாலு வாய்ப்பில் பத்து யார்டு போக வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. பகுப்பாய்வு செய்கிறவர்கள் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதல் டவுனில் தேவையானதில் பாதி, இரண்டாவதில் மிச்சத்தின் 70 சதவீதம், மூன்றாவதிலும் நாலாவதிலும் முழுவதும். இவ்வளவு கிடைத்தால் அந்த பிளே வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. ஒரு நோட்டில் டிக் அல்லது இன்ட்டு போட்டுக்கொண்டே போனால் போதும். பத்துக்கு நாலு டிக் விழுந்தால் சுமாரான அணி. மூன்றுகூட விழாவிட்டால், எந்த மேதை உட்கார்ந்து அழைத்தாலும் கஷ்டம்தான், ஏனென்றால் அந்த அணி எப்போதும் மூன்றாவது டவுனில் ஒன்பது யார்டு தேவை என்ற நிலையிலேயே நிற்கும். அந்த நிலையில் நல்ல அழைப்பு என்று எதுவுமே கிடையாது. ரசிகர்கள் கத்துவதோ அந்த மூன்றாவது டவுனைப் பார்த்து. நோய் இரண்டு பிளேக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி விஸ்கான்சின் ஆட்டம். அயோவா 15-6 என்று ஜெயித்தது. லஷான் வில்லியம்ஸ் 25 முறை ஓடி 174 யார்டு. ஓட்டத்துக்கு ஏழு யார்டு, பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அதில் ஒரே ஓட்டம் 82 யார்டு. அதை எடுத்துவிட்டால் 24 ஓட்டத்துக்கு 92 யார்டு, நாலுகூட இல்லை. அதே ஆட்டத்தில் பாஸ் எறிகிறவரான குவாட்டர்பேக் டீக்கன் ஹில் 14 எறிந்து 6 சேர்ந்தது, மொத்தம் 37 யார்டு. டெய்லர் பத்து முறை பண்ட் அடித்தார். ஒரு மின்னல் அடித்ததால் வீட்டில் கரண்ட் வந்துவிட்டது என்று சொல்ல முடியாதல்லவா.

அடுத்து ஆஃபென்சிவ் லைன். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது) அப்புறம் இரண்டு விநாடி பந்தை மறந்துவிட்டு நடுவில் நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள். அயோவா பல வருடமாக ஆடுவது அவுட்சைட் ஸோன் என்ற ஓட்ட முறை. ஐந்து பேரும் வரிசையாக ஒரே திசையில் பக்கவாட்டில் நகர்வார்கள், எதிராளிகளைத் தள்ளிக்கொண்டே போவார்கள், எங்கே சந்து விழுகிறதோ அங்கே ஓடுகிறவன் வெட்டித் திரும்புவான். பாவாடை மடிப்பு மாதிரி ஐந்தும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவன் அரை அடி தாமதித்தாலும் பின்னாலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள். இந்த முறையின் அச்சாணி, ஐவரில் நடுவில் நிற்கும் சென்டர். 2021 வரை அங்கே நின்றவர் டைலர் லிண்டர்பாம்; 2022-இல் பால்டிமோர் அவரை என்எஃப்எல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. அவர் இடத்துக்கு வந்த லோகன் ஜோன்ஸ் அதுவரை டிஃபென்சிவ் லைனில் இருந்தவர்! புது இடம், புது வேலை, சுற்றிலும் இளம் பிள்ளைகள். 2022-இல் அயோவா ஓட முடியாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஓட்டம் நின்றால் எதிரணி பாஸுக்காகவே காத்திருக்கும், லைன் அரண் கட்டும் பாக்கெட்டில் அசையாமல் நின்று எறியும் ஸ்பென்சர் பெட்ராஸ் போன்ற குவாட்டர்பேக் அடி வாங்குவார். எல்லாம் ஒரு சங்கிலி.

2023-இல் குவாட்டர்பேக் பிரச்சினையைத் தீர்க்க மிச்சிகனிலிருந்து கேட் மெக்நமாராவைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கால் போனது, சீசன் முடிந்தது. டைட் எண்ட் (தடுக்கவும் செய்வார், பாஸும் பிடிப்பார்) என்றாலே அயோவா என்ற அளவுக்கு அந்த இடத்தில் பேர் வாங்கிய பல்கலைக்கழகம் அது. கிட்டில், ஹாக்கன்சன், ஃபான்ட், லபோர்ட்டா என்று என்எஃப்எல்லில் பேர் வாங்கிய டைட் எண்டுகள் எல்லோரும் அங்கே படித்தவர்கள். அந்த வருடம் லூக் லேச்சி, எரிக் ஆல் இரண்டு டைட் எண்டுகளும் காயத்தில் போனார்கள். மிஞ்சியது ஹில். எறிந்ததில் பாதிகூடச் சேராத குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு நீங்களோ நானோ என்ன அழைத்திருப்போம்?

இவ்வளவு சொன்னதும் பிரையனுக்கு வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிட்டது. இல்லை. என் குற்றச்சாட்டு வேறு இடத்தில்.

பிளே-காலிங் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று வேலை அடங்கியிருக்கிறது. வாரம் முழுக்க உட்கார்ந்து இந்த எதிரணிக்கு எதிராக எந்தெந்த பிளே என்று தேர்ந்தெடுப்பது ஒன்று. சனிக்கிழமை அதை எந்த வரிசையில் அழைப்பது இன்னொன்று. எதிரணி நம்மைப் படித்துவிட்டால் அடுத்து என்ன என்பது மூன்றாவது. அவருடைய தோல்வி பெரும்பாலும் முதலிலும் மூன்றாவதிலும். ஆட்கள் நிற்கிற நிலையைப் பார்த்தே ஓட்டமா பாஸா என்று வீட்டு சோபாவிலிருந்து நானே சொல்ல முடிந்த நாட்கள் உண்டு. நானே சொன்னால், வாரம் முழுக்க வீடியோ பார்த்துவிட்டு வரும் எதிரணி டிஃபென்ஸின் லைன்பேக்கர் சொல்லமாட்டாரா? திறமை குறைந்த அணிக்குத்தான் மறைப்பு அதிகம் தேவை. ஸ்நாப்புக்கு முன்னால் ஒருவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவது, ஓடுவதுபோல் காட்டி எறிவது, ஒரே நிற்கும் நிலையிலிருந்து மூன்று வெவ்வேறு பிளே. இதற்கெல்லாம் நட்சத்திர வீரர்கள் வேண்டாம், யோசனை போதும். அந்த யோசனையில் அயோவா பத்து வருடம் பின்தங்கி நின்றது.

இதை டிவியில் சோதிக்க ஒரு வழி. பல கோஆர்டினேட்டர்கள் ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து பிளேயை முன்கூட்டியே எழுதி வைத்து, பயிற்சியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த முதல் இரண்டு டிரைவில் (பந்து ஒரு முறை கைக்கு வந்ததிலிருந்து போகும்வரை ஆடும் பிளேக்கள்) நோட்டில் டிக் அதிகமாக விழுந்து, அதற்கப்புறம் வறண்டுபோனால், தயாரிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் எதிரணி மாறியதும் பதில் இல்லை என்று அர்த்தம். அங்கே பிளே-காலரைத் திட்டலாம். ஆரம்பத்திலிருந்தே இன்ட்டுவாக இருந்தால் ஆட்களைப் பாருங்கள், லைனைப் பாருங்கள். வழியில் ஆளே இல்லாமல் நிற்கும் ரிசீவருக்குக் குவாட்டர்பேக் தலைக்கு மேல் எறிந்தால், அழைப்பு சரி, கை தப்பு. அந்த இன்ட்டுவை வேறு பத்தியில் போடுங்கள். ரசிகர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுவிடுகிறார்கள்.

2023 அக்டோபர் 30-ஆம் தேதி, சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரையன் அடுத்த வருடம் தொடரமாட்டார் என்று விளையாட்டுத் துறையின் இடைக்கால இயக்குநர் பெத் கோட்ஸ் அறிவித்தார். கர்க் அல்ல என்பதைக் கவனியுங்கள். அறிவிப்பு வந்தபின்னும் பிரையனே சீசன் முடியும்வரை அழைத்தார்; அதற்கப்புறம் நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள், ரட்கர்ஸை 22-0 என்று வென்றது உட்பட.

2024-இல் பிரையன் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். கிட்டத்தட்ட ஒரு பரிசோதனைக் கூடம் மாதிரி அமைந்தது அந்த வருடம்: அதே தலைமைக் கோச், லைனில் பெரும்பாலும் அதே ஆட்கள், ஓடுகிறவர் ஏற்கெனவே அணியில் இருந்த கேலப் ஜான்சன். ஸ்நாப்புக்கு முன் ஆட்கள் நகர்வது கண்ணில் படும் அளவு கூடியது. முந்தின வருடம் காயங்களோடு 463 யார்டு ஓடிய ஜான்சன் 1,537 யார்டு, 21 ரன்னிங் டச்டவுன். அணியின் சராசரி 15.4-லிருந்து 27.7. ஒப்பந்தத்தில் பிரையனுக்கு வைத்த 25-ஐத் தாண்டியே விட்டது!

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, எல்லாம் பிளே-காலிங்தான்' என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். லைனில் இருந்த பிள்ளைகள் 2022-இல் கற்றுக்குட்டிகள். 2024-இல் மூன்றாவது வருடம் சேர்ந்து நிற்கிறவர்கள். ஜோன்ஸும் அதற்குள் உண்மையான சென்டர் ஆகிவிட்டார். பாஸ் விளையாட்டு லெஸ்டர் காலத்திலும் மோசமாகத்தான் இருந்தது. மெக்நமாரா திரும்பி வந்தும் தேறவில்லை. குவாட்டர்பேக் இல்லாத சட்டியில் அகப்பையை மாற்றினாலும் பாஸ் வராது என்பது அங்கே தெரிந்தது. ஓட்டத்தில் வந்த முன்னேற்றத்தில் பாதி லெஸ்டரின் திட்டம், பாதி வயது என்பது என் கணிப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு 12 புள்ளி கூடுதலாக எடுத்த 2024 அணி ஜெயித்தது 8 ஆட்டம். கடைசி இடத்தில் இருந்த 2023 அணி ஜெயித்தது 10.

நோட்டு போட ஆரம்பித்தால் ஒரு எச்சரிக்கை. தலைகுப்புற விழுந்த ஆட்டங்களைத் தனியே வையுங்கள். 2023-இல் பென் ஸ்டேட்டுக்கு எதிராக அயோவா ஆடியது மொத்தமே 33 பிளே, 76 யார்டு. எதிரணி 97 பிளே ஆடியது. அவ்வளவு குறைந்த சாம்பிளில் பிளே-காலிங்கைப் பற்றி எதுவும் படிக்க முடியாது. அதேபோல் கடைசிக் கால்மணியில் இருபது புள்ளி பின்தங்கி நின்று, எதிரணி இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கியபின் சேரும் யார்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். நாலைந்து நெருக்கமான ஆட்டங்களின் முதல் மூன்று கால்மணி போதும், எங்கே ஓட்டை என்று நோட்டிலேயே தெரிந்துவிடும்.